43 நாள் நிறுத்தினார்கள், 44ஆம் நாள்?

2020 மார்ச் 24 மாலை, கொரோனா ஊரடங்குக்காகத் தமிழ்நாட்டின் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மே 7ஆம் தேதி, சென்னை நீங்கலாகப் பெரும்பாலான ஊர்களில் மீண்டும் திறந்தன. இடைப்பட்டது 43 நாள். கள்ளத்தனமாக வாங்க முடிந்தவர்களையும் வீட்டிலேயே ஊறல் போட்டவர்களையும் விட்டுவிட்டால், இந்த மாநிலத்தில் குடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அத்தனை நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. எந்த அரசும் எந்த மருத்துவரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாத சோதனை அது.

அதில் இரண்டு செய்திகள் கிடைத்தன. முதலாவது, முதல் வாரத்திலேயே கிடைத்தது. கை நடுங்கி, வலிப்பு வந்து, ஆளைத் தெரியாமல் பிதற்றிக்கொண்டு மருத்துவமனைகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெங்களூரு மருத்துவமனைகளில் இப்படி வந்தவர்களின் எண்ணிக்கை கூடியதை அங்குள்ள மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று மார்ச் 30இல் ஓர் ஆணையே போட்டது. மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள், உயர் நீதிமன்றம் சில நாட்களில் அதற்குத் தடை விதித்தது.

இரண்டாவது செய்தி மே 7 காலையில் கிடைத்தது. வெயிலில், வட்டம் போட்ட கட்டங்களுக்குள், குடை பிடித்துக்கொண்டு நின்ற வரிசைகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று ஒரே நாளில் விற்பனை 170 கோடி ரூபாயைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. கேலிப் படங்கள் நிறைய வந்தன. ஆனால் அந்த வரிசையில் மருத்துவ உண்மை ஒன்று நின்றுகொண்டிருந்தது. 43 நாளில் உடம்பிலிருந்த சாராயம் முழுக்கப் போய்விட்டது. நடுக்கம் போய்விட்டது, தூக்கம் ஓரளவு திரும்பிவிட்டது, பசி எடுத்துவிட்டது. உடம்பு கேட்கவில்லை. பிறகு எது கேட்டது?

குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திய நிலையில் இருப்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் மருத்துவம் வேறு, ஆட்கள் வேறு, காலக்கணக்கு வேறு. நம் குடும்பங்களின் பணமும் கண்ணீரும் அநேகமாக முழுவதும் முதல் வேலைக்கே செலவாகிவிடுகின்றன.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. சித்தப்பாவை ஒரு தனியார் மீட்பு மையத்தில் மூன்று மாதம் வைத்திருந்தோம். திரும்பி வந்தபோது முகம் தெளிந்து, கன்னம் உப்பி, கல்யாண மாப்பிள்ளைபோல இருந்தார். சித்தி ஆரத்தி எடுத்தார். ஒன்பதாம் நாள் இரவு அவரைச் சைக்கிளோடு தூக்கி வந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் ஒருவர்கூட எங்களிடம், வெளியே வந்த பிறகு என்ன மாத்திரை, யாரைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் வர வேண்டும் என்று சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்தோம்.

முதல் வாரம்

நிறுத்துவது எளிய வேலை என்று சொல்ல வரவில்லை. போதைப் பழக்கங்களிலேயே, திடீரென்று விட்டால் உயிரைப் பறிக்கக்கூடியவை மிகச் சில. மது அவற்றில் ஒன்று. கஞ்சாவை விட்டால் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். ஹெராயினை விட்டால் உடம்பு முறுக்கிப் பிழிந்துவிடும், ஆனால் பெரும்பாலும் உயிர் போகாது. பல ஆண்டு தினமும் குடித்தவர் ஒரு வைராக்கியத்தில் இன்றோடு விட்டேன் என்றால், நாளை மறுநாள் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கக்கூடும்.

காரணம் இதுதான். மூளையில் அடக்கி வைக்கும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, காபா. கிளர்ந்தெழச் செய்வது ஒன்று உண்டு, குளூட்டமேட். மது முன்னதற்குத் துணைபோய்ப் பின்னதை அமுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால், மூளை ஈடுகட்டுவதற்காக எதிர்ப்பக்கம் ஆள் சேர்த்துக்கொண்டே போகும். வடம் இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கத்தார் சட்டென்று கயிற்றை விட்டால் மறுபக்கம் என்ன ஆகும்? அதுதான் வலிப்பு.

கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். காலையில் காபித் தம்ளரைப் பிடிக்க முடியாமல், பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்வரை தவித்து நிற்பவரை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஒரு கட்டிங் உள்ளே போனதும் கை நின்றுவிடும். அவர் குடிப்பது போதைக்காக அல்ல, நடுக்கத்துக்கு மருந்தாக. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் பிதற்றல் வரும்: நேரம், இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் ஏறும். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் வீடுகள் இன்றும் உண்டு. சிகிச்சை இல்லாத காலத்தில் இந்தப் பிதற்றல் நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர்வரை இறந்திருக்கிறார்கள். இன்று உரிய சிகிச்சை பெறுவோரில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழ்.

உரிய சிகிச்சை என்பது பெரிய வித்தையல்ல. மது செய்துவந்த அடக்கும் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் மாத்திரையை முதல் நாள் போதிய அளவில் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின், கட்டாயம்.

இந்தத் தயமினைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். குடிப்பவர் சோர்ந்து விழுந்தால் நம் ஊரில் முதலில் நடப்பது, பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது. சர்க்கரையை எரிக்க உடம்புக்குத் தயமின் தேவை. ஏற்கெனவே தயமின் வற்றிப்போன உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருந்ததும் செலவாகி, வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பு தலைதூக்கலாம்: கண் அசைவு பிசகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். குடித்திருக்கிறான் என்று எல்லோரும் நினைக்க, உண்மையில் மூளை அழிந்துகொண்டிருக்கும். அதைத் தவறவிட்டால் புதிய நினைவு எதுவும் தங்காத நிரந்தர மறதியில் கொண்டுபோய் விடும். தடுப்பதற்குத் தேவை, குளுக்கோஸுக்கு முன்னதாக அல்லது அதோடு சேர்த்து ஒரு தயமின் ஊசி. அதன் விலை மிகக் குறைவு.

எல்லோரையும் படுக்கையில் சேர்க்க வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. முன்பு வலிப்போ பிதற்றலோ வந்தவர், வயதானவர், கல்லீரல், இதயக் கோளாறு உள்ளவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோர் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் மாத்திரைச் சீட்டோடு வீட்டிலேயே இருந்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் மருத்துவரைப் பார்த்து நிறுத்திவிட முடியும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே இது நடக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் போதை மீட்புப் பிரிவு உண்டு. குடிக்கு மனநல மருத்துவரா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே மது, போதைப்பொருள் தொடர்பான மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது.

மாலை போட்டால் தொடமாட்டார்

குடிப்பவர் வீட்டில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று: "மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் தொடமாட்டாரு. மனசு வெச்சா முடியும், வைக்க மாட்டேங்கிறாரு." ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடிக்காமல் இருப்பது உண்மைதான். அதிலிருந்து வீட்டார் எடுக்கும் முடிவுதான் பிழை.

முதலில், மாலை போட்ட எல்லோரும் பத்திரமாக நிறுத்துவதில்லை. அன்றாடம் நடுக்கத்துக்குக் குடிப்பவர் கார்த்திகை முதல் தேதி திடுமென்று விட்டால் அவருக்கும் அதே உடம்பு, அதே இரண்டாம் நாள். மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையோடு தொடங்குவதில் விரதத்துக்கு எந்தக் குறையும் வராது.

அடுத்து, அந்த 48 நாளில் என்னவெல்லாம் கிடைக்கிறது என்று பாருங்கள். விடிகாலையில் எழுந்திருக்க ஒரு காரணம். எல்லோர் கண்ணிலும் படும் உடை. ஊரே சாமி என்று அழைக்கும் மரியாதை. நேற்றுவரை அதே வாய்கள் வேறு பெயர் சொல்லி அழைத்தன. மாலை வேளையில், முன்பு பார் இருந்த நேரத்தில், பஜனை. கூட இருப்பவர்கள் எல்லோரும் அதே விரதத்தில். வாங்கித் தர யாரும் முன்வரமாட்டார்கள், குடி என்று வற்புறுத்தவும் மாட்டார்கள். இதை மன உறுதி என்ற ஒரே சொல்லில் அடக்குவது அநியாயம். ஒரு முழு ஏற்பாடே அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. மாலையைக் கழற்றியதும் அந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே நாளில் கலைகிறது. கோயிலில் கயிறு கட்டி ஆறு மாதம், ஒரு வருடம் என்று சத்தியம் செய்கிறவர்களின் கதையும் இதே வகைதான். அங்கும் கெடு முடியும் நாள் ஒன்று இருக்கிறது.

நீண்ட கால சிகிச்சை என்று மருத்துவர்கள் சொல்வது ஏறக்குறைய இந்த ஏற்பாட்டையே, கெடு இல்லாமல் கட்டித் தருவதைத்தான்.

அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் 1935இல் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். இன்று தமிழ்நாட்டிலும் பல ஊர்களில், பெரும்பாலும் பள்ளிக்கூட அறையிலோ மாதா கோயில் மண்டபத்திலோ, தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்குவார். அன்று குடிக்காமல் இருந்தால் போதும் என்பது கணக்கு, நாளைக்கு நாளை. கடவுளைப் பற்றிய பேச்சு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, எனக்கும் முதலில் ஒப்பவில்லை. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை எடுத்துப் பார்த்தது. இந்த வழியில் நெறியாகச் சேர்க்கப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள் 42 விழுக்காடு, மற்ற சிகிச்சைகளில் 35 விழுக்காடு. காசில்லாமல் கிடைக்கும் ஒன்றுக்கு இது சாதாரணமல்ல.

மாத்திரைகள்: தெரிந்து கொடுப்பதும் தெரியாமல் கொடுப்பதும்

சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடிப்பவருக்குத் தெரியாது, ஒரே வாரத்தில் நிறுத்திவிடுவார் என்ற விளம்பரங்களைச் சுவர்களிலும் கைபேசியிலும் பார்க்காதவர் இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று உறையில் இராது. டைசல்ஃபிரம் இருந்தால் அது கொலைக் கருவிக்குப் பக்கத்தில் வரும்.

டைசல்ஃபிரம் தன்னளவில் மோசமான மருந்தல்ல. 1940களின் இறுதியில் டென்மார்க்கில் குடற்புழுவுக்கு மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்த ஆய்வாளர்கள், அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்துவிட்டு, பிறகு கொஞ்சம் மது அருந்தியபோது முகம் சிவந்து படபடத்துப் போனார்கள். சாராயம் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகவும், பிறகு தீங்கற்றதாகவும் மாறும். இரண்டாவது மாற்றத்தை டைசல்ஃபிரம் தடுத்துவிடுவதால் நச்சு தேங்குகிறது. முகம் எரியும், தலை வெடிக்கும், வாந்தி, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தச் சரிவு. இதய நோயாளிக்கு மரணம்கூட நேரலாம். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்திருப்பதுதான் மருந்தின் பாதி வேலை. அந்த அச்சமே வேலி. தெரியாமல் கொடுத்தால் வேலி இல்லை, குழி மட்டும் இருக்கிறது. சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்து, தினமும் காலையில் மனைவியோ அம்மாவோ முன்னால் நிற்க விழுங்குபவர்களிடம்தான் இது பலன் தருகிறது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை உடம்பில் அதன் வேலை நீடிக்கும் என்பதால், இருமல் மருந்தில் உள்ள ஆல்கஹால்கூட ஆகாது.

அச்சுறுத்தாத மருந்துகளும் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன், குடிக்கும்போது கிடைக்கும் கிளுகிளுப்பைக் குறைக்கிறது; முதல் கிளாஸுக்குப் பிறகு இரண்டாவதைத் தேடும் வேகம் தணிகிறது. 1994இல் அமெரிக்காவில் குடிநோய்க்கு அனுமதி பெற்றது. கல்லீரலைக் கவனித்துக் கொடுக்க வேண்டும். ஓபியாய்டு, அதாவது அபின் வகை, வலி மாத்திரை சாப்பிடுபவருக்குக் கொடுக்கவே கூடாது. அகாம்ப்ரோசேட், நிறுத்தியவரின் மூளையில் மாதக்கணக்கில் நீடிக்கும் பதற்றத்தைத் தணிக்கிறது. கல்லீரலுக்குத் தொல்லையில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று வேளை, ஆறு மாத்திரை என்பதுதான் அதன் சிக்கல். கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு பேக்லோஃபென் என்ற தசைத்தளர்வு மருந்தைச் சில மருத்துவர்கள் தருகிறார்கள்.

இவை அற்புதங்கள் அல்ல. 2014இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, அகாம்ப்ரோசேட்டை 12 பேருக்குக் கொடுத்தால் அவர்களில் கூடுதலாக ஒருவர் மறுபடி குடிக்காமல் தப்புகிறார். நால்ட்ரெக்சோனில் மிதமிஞ்சிக் குடிப்பதற்குத் திரும்பாமல் தடுக்க அதே 12. கேட்கக் குறைவாகத் தோன்றும். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நாம் வருடக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

பேச்சும் மருந்துதான், அதற்குப் பெரிய பட்டம் தேவையில்லை என்று காட்டியது கோவா. அங்கே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கேடு விளையும் அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு, மறு பாதியினருக்கு அதோடு அதிகம் போனால் நான்கு அமர்வு ஆலோசனை. மூன்று மாதம் கழித்து, அபாயக் கோட்டிலிருந்து இறங்கியவர்கள் முதல் பாதியில் 26 விழுக்காடு, மறு பாதியில் 36. 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. நம் சுகாதார நிலையங்களில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வரிசையில் நிற்பவரிடம், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று குற்றம் சாட்டாத குரலில் கேட்க ஓர் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

வேனில் வந்து தூக்கிப் போகிறவர்கள்

இந்தியாவில் போதைப் பயன்பாடு குறித்து எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் 180 பேருக்கு ஒருவர். இந்த இடைவெளியில்தான் ஊர்ப்புறச் சாலைகளில் மீட்பு மையப் பலகைகள் முளைக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, இந்தத் துறைக்கே தமிழ்நாட்டில் முகவரி கொடுத்தது. அவர்கள் 1989இல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் செய்து பார்த்த ஒன்று இன்னும் போதிய கவனம் பெறவில்லை. குடிப்பவரை ஊரிலிருந்து பெயர்த்து நகரத்துக்குக் கொண்டுவராமல், சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டு போனார்கள். பதினைந்து நாள் முகாம். குடும்பத்தாரும் கூட வந்து அமர வேண்டும். ஊர்ப் பெரியவர்களுக்கும் அதில் பங்கு. முகாம் முடிந்த பிறகு அதே ஊரில் தொடர் கவனிப்பு. குடித்த இடத்திலேயே குடிக்காமல் வாழப் பழக்கியது அது.

இன்னொரு முனையில், பூட்டிய அறையும் அடியும் மட்டுமே சிகிச்சை என்று நடத்தும் இடங்கள் இருக்கின்றன. வீட்டார் தொலைபேசியில் அழைத்தால் நாலு பேர் வேனில் வந்து, தூங்குகிறவரைத் தூக்கிப் போவார்கள். மருத்துவர் வாரம் ஒருமுறை வருவதாகச் சொல்வார்கள். முதல் வாரத்து வலிப்பை மாத்திரை இல்லாமல் அறையில் பூட்டிச் சமாளிப்பார்கள். சிலர் சமாளிக்கப்படாமல் இறந்தும் போயிருக்கிறார்கள்.

முன்பு சொன்ன மனநலப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் பிணைப்பது எந்த வடிவிலும் குற்றம். சம்மதமில்லாத ஒருவரைச் சேர்ப்பதற்குக் கடும் நிபந்தனைகள் உண்டு: தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் இருப்பது போன்ற காரணம் வேண்டும், இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், முதல் அனுமதி அதிகபட்சம் 30 நாள். உள்ளே இருப்பவருக்குத் தொலைபேசியில் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் உரிமை உண்டு. எனவே மூன்று மாதத்துக்குப் பார்க்க வரவே கூடாது என்று சொல்லும் இடத்தில், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சந்தேகிப்பதுதான் முறை. பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். இரவில் பணியிலிருக்கும் செவிலியர் யார், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனை, வெளியே வந்த பின் ஓராண்டுக்கு என்ன திட்டம் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பெரும்பாலும் அந்த மையத்தின் தரம் தெரிந்துவிடும்.

கஞ்சா, ஊசி, மாத்திரை

மதுவைப் பற்றியே இவ்வளவு பேசியதற்குக் காரணம் எண்ணிக்கை. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் பெற்றோர் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது.

கஞ்சாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. மெத்தம்பெட்டமைனுக்கும் இல்லை. இருப்பது உளவியல் சிகிச்சைதான். மெத்தம்பெட்டமைனில் பலன் தந்த முறை ஒன்று கேட்க விநோதமாக இருக்கும்: சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு, தொடர்ந்து சுத்தமாக வந்தால் பரிசின் மதிப்பு ஏறும். கெட்டதற்குத் தண்டனை என்பதில் ஊறிய நமக்கு, நல்லதற்குக் கூலி என்பது லஞ்சம்போலத் தோன்றுகிறது. ஆய்வுகள் அந்த லஞ்சத்தின் பக்கம் நிற்கின்றன.

ஹெராயின், டேப்பென்டடால் போன்ற ஓபியாய்டுகளின் கதை வேறு. வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றும் இளைஞர்கள் சென்னையிலும் பிற ஊர்களிலும் பிடிபடும் செய்திகளைப் படிக்கிறோம். இங்கே மருந்தின் பலம் மிகப் பெரியது. 1960களில் நியூயார்க்கில் டோல், நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள், மெத்தடோன் என்ற இன்னொரு ஓபியாய்டை மருந்தாக வைத்துத் தொடங்கிய மாற்று மருந்து முறை, மரணத்தைக் குறைப்பதில் வேறெந்த வழியையும்விட முன்னால் நிற்கிறது. இந்தியாவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அதே வகையில், நாவின் அடியில் கரையும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரையை மையங்களில் வைத்தே கொடுக்கிறார்கள். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்பார்கள். ஊசியில்லை, எச்ஐவி இல்லை, திருட்டு இல்லை, காலையில் மாத்திரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான் என்றால், அதை நான் போதை என்று அழைக்கத் தயங்குவேன். ஒன்றை மட்டும் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும்: ஓபியாய்டை மையத்தில் வைத்து அறவே நிறுத்திவிட்டு, தொடர் மருந்தில்லாமல் வெளியே அனுப்புவது மிக அபாயமானது. உடம்பின் தாங்கும் திறன் இறங்கியிருக்கும். வந்தவன் பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும்.

போலீஸ் வழக்குப் பயத்தால் சிகிச்சைக்கு வராமல் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கு போய்விடலாம். தயங்குகிறவர்கள் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

திரும்பி வரும் தெரு

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, அவர்கள் 1971இல் நாடு திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். அரசாங்கமே ஒரு பெரும் போதைப் படை வந்திறங்கப் போகிறது என்று அஞ்சியிருந்தது. ஆனால் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். அவர்கள் ஹெராயின் இருந்த இடத்தை விட்டு, அது இல்லாத வீட்டுக்கு வந்தார்கள். நம்மவர் நிலை நேர் எதிர். கடை இல்லாத இடத்தில் 90 நாள் வைத்திருந்து, கடை இருக்கும் தெருவுக்கே அனுப்புகிறோம். அங்கே அதே நண்பர், அதே சனிக்கிழமைக் கூலி, அதே பார் வாசல் சுண்டல் வாசனை. 43 நாள் கழித்து மே 7இல் கேட்டது இதுதான்.

அதனால்தான் சிகிச்சையில் வீட்டாருக்கும் வேலை இருக்கிறது. அவர் வரவே மறுக்கிறார் என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் முதல் புகார். மறுப்பவரை விட்டுவிட்டு அவர் மனைவிக்கோ அம்மாவுக்கோ பயிற்சி தரும் முறை ஒன்று அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. குடிக்காத மாலையில் கூட அமர்ந்து சாப்பிடுவது, குடித்த இரவில் சண்டையும் போடாமல் சேவையும் செய்யாமல் விலகிப் போவது, குடித்துவிட்டு வேலைக்குப் போகாததற்கு முதலாளியிடம் பொய்க்காரணம் சொல்லாமல் இருப்பது, காலையில் அவரே வருந்தும் நேரம் பார்த்து சிகிச்சைப் பேச்சை எடுப்பது. 1999இல் வந்த ஆய்வில், இப்படிப் பயின்ற குடும்பங்களில் 64 விழுக்காட்டினர் தங்கள் ஆளை சிகிச்சைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து எதிர்த்துப் பேசும் முறையில் 30 விழுக்காடுதான். அடிதடி இருக்கும் வீட்டில் இந்த முறைக்கெல்லாம் முன்னால் பெண்ணின் பாதுகாப்பு வரும்.

மறுபடி குடிப்பது நடக்கும். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை, போதைச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் திரும்ப விழுவதையும், ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டு மறுபடி மோசமாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. பின்னவர்களில் அது 50 முதல் 70. ஆஸ்துமா திரும்ப வந்தவரை யாரும் மானங்கெட்டவன் என்று திட்டுவதில்லை.

சித்தப்பா இப்போது அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் மாதம் ஒருமுறை சீட்டு வாங்குகிறார், நால்ட்ரெக்சோன் சாப்பிடுகிறார், புதன்கிழமை கூட்டத்துக்குப் போகிறார். ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை குடித்தார். இரண்டாவது முறை, ஒரு சாவு வீட்டில். மறுநாள் காலை சித்தி வேனுக்குப் போன் செய்யவில்லை; மருத்துவமனை ஆலோசகருக்குச் செய்தார். மாத்திரையை நிறுத்த வேண்டாம், குடித்தாலும் அதைச் சாப்பிடலாம், கை நடுங்கினால் மட்டும் உடனே கூட்டி வாருங்கள், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்றார் அவர். கை நடுங்கவில்லை. வெள்ளிக்கிழமை சித்தப்பா தனியாகவே பஸ் ஏறிப் போய் வந்தார்.